ஒரு சொல்லும் செத்த எறும்புகளும்

"எறும்புகிட்ட யாரும்மா போய்ச் சொன்னது, நம்ம வீட்டுல சக்கர இருக்குன்னு?"

பிரிஸ்கில்லாவின் மகள் நான்கு வயதில் கேட்ட கேள்வி அது. பிரிஸ்கில்லா சிரித்துவிட்டுத் துடைப்பத்தைத் தேடப் போனாள். பக்கத்து வீட்டு பெர்னதெத் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, எறும்பு வரிசை போன வழியே கண்ணை ஓட்டி, அலமாரிக்கு அடியில் கைதவறிச் சிந்திய பாகுத் துளியைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"இதைச் சிந்துனவங்கதான் சொல்லியிருக்காங்கடா கண்ணு. ஆனா, தான் சொன்னது அவங்களுக்கே தெரியாது" என்றார்.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கேள்வியை அவள் என்றோ மறந்துவிட்டாள். பெர்னதெத் மறக்கவில்லை என்பது ஒரு புதன்கிழமை காலையில்தான் பிரிஸ்கில்லாவுக்குத் தெரிந்தது.

பெர்னதெத்துக்கு நெல்லித்தோப்பில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. தொழில், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்குப் பிறப்போ, கல்யாணமோ, சாவோ, எதுவும் இரண்டு மொழியில் நடந்தால்தான் முழுமையாகும். அந்தக் காகிதங்கள் அவர் மேசைக்குத்தான் வரும். காகிதம் கொண்டுவருகிறவர்கள் கூடவே கவலையையும் கொண்டுவருவார்கள். காணாமல் போன மோதிரம், கையெழுத்தில்லாத கடிதம், மாறிப்போன பெயர் என்று அவர் சத்தமில்லாமல் அவிழ்த்துவிட்ட முடிச்சுகள் பல. பிரிஸ்கில்லா அவருக்குத் தட்டச்சு செய்து கொடுப்பவள். முடிச்சு என்றால் தட்டச்சை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவாள்.

அன்று காலை வந்தவனைப் பார்த்ததும் அவள் தட்டச்சை நிறுத்தினாள். தவளக்குப்பத்து கிளாட்வின். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

"அப்பாவுக்கு மருந்து வச்சிட்டாங்க மதாம்."

"ஹெல்மெட்டக் கழட்டுங்க தம்பி. முதல்ல தண்ணி குடிங்க" என்றார் பெர்னதெத்.

தண்ணீரை வாங்கினான், குடிக்கவில்லை. அவன் அப்பா தனிஸ்லாஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய்; தவளக்குப்பத்தில் சொல்தா வீடு என்று கேட்டால் யாரும் வழிகாட்டுவார்கள். திங்கட்கிழமை மத்தியானம் அவருக்கு வாந்தி ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் நினைவு தடுமாறியது. இப்போது கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உள்ளே போனது என்னவென்று டாக்டர்களுக்குப் புரியவில்லை.

"என்னன்னு தெரியாம எதுக்குன்னு வைத்தியம் பாக்கறதுன்னு கேக்கறாங்க மதாம். அவ வச்ச மீன்கொழம்ப எடுத்துக் குடுத்தேன். அதுல ஒண்ணும் இல்லங்கறாங்க. அவ கில்லாடி. அப்பாவப் பாத்துக்க வச்சோமே, ரஞ்சிதம், நல்லவாடு ஊர்க்காரி. அவதான்."

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். போலீசுக்கு எழுதிய புகார். சாயங்காலம் ஸ்டேஷனில் கொடுக்கப் போகிறான். பாரீஸில் இருக்கும் அக்கா அதைப் பிரெஞ்சிலும் கேட்கிறாள், தூதரகத்துக்கு அனுப்ப.

பெர்னதெத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். "'மருந்து வச்சிட்டேன், சப்புக் கொட்டிக் குடிச்சிட்டாரு, இனிமே தொல்ல இருக்காது' என்று ரஞ்சிதம் போனில் பேசியதைப் பக்கத்து வீட்டு ராஜாம்பாள் கேட்டிருக்கிறார்."

"இதுக்கு மேல என்ன வேணும் மதாம்? கேட்டா மெரின் மேலயே பழியப் போடறா. 'அக்கா குடுக்கச் சொன்ன மருந்தத்தான் குடுத்தேன்'னு. மெரின் அழறா, 'சத்தியமா நான் எதுவும் குடுக்கச் சொல்லல'ன்னு." மெரின் அவன் மனைவி. "வெளிய போடின்னு அன்னைக்கே தொரத்திட்டேன்."

திடீரென்று பிரிஸ்கில்லா பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லித்தானே அவள வேலைக்கு வச்சோம்?"

போலீஸ், புகார், அதில் தன் பெயர். பிரிஸ்கில்லா அவசரமாகக் கையை அசைத்தாள்.

"ஐயோ, எனக்கு அவள அவ்வளவாத் தெரியாதுங்க. யாரோ சொன்னாங்க, நான் சொன்னேன். அவ்ளோதான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது கசந்தது. பிரிஸ்கில்லாவின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி வருஷம் முழுக்க அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, மடியில் சாய்த்துக் கஞ்சி புகட்டியவள் ரஞ்சிதம். பெர்னதெத்துக்கு அது தெரியும். அவர் தலையைத் தூக்கி ஒருமுறை பிரிஸ்கில்லாவைப் பார்த்தார். பிறகு காகிதத்துக்குத் திரும்பிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவளுக்கு.

"ஒரு சொல்லுல நின்னுட்டேன் தம்பி" என்றார் பெர்னதெத். "தமிழ்ல நோயத் தீக்கறதும் மருந்து, உசுர எடுக்கறதும் மருந்து. பிரெஞ்சுல அது வேற, இது வேற. மெதிக்கமான்னு எழுதினா ரஞ்சிதம் நல்லவ. ப்வாஸோன்னு எழுதினா கொலைகாரி. எத எழுதட்டும்?"

"ரெண்டாவதத்தான் எழுதுங்க!"

"கீழ கையெழுத்து நான் போடணுமே. ராஜாம்பாள் காதுல விழுந்த வார்த்த இதுதானா? நீங்க மாத்தி எழுதலையே?"

"ஒரு எழுத்துகூட மாத்தல."

"அப்ப வாங்க, உங்க வீட்டப் பாக்கலாம்."

ஸ்கூட்டரை பிரிஸ்கில்லா ஓட்டினாள், பின்னால் பெர்னதெத். அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் முன்னால் கிளாட்வினின் வண்டி மறைவதும் தெரிவதுமாக இருந்தது.

"அக்கா, ராஜாம்பாள்தான் செஞ்சிருப்பா. ஒட்டுக் கேக்கறவங்கள நம்பவே கூடாது."

"ரோட்டப் பாரு."

"இல்லன்னா மெரின். மாமனாருக்கு பென்ஷன் நிறைய..."

"பிரிஸ்கி, மீன்கொழம்ப யாராவது சப்புக் கொட்டிக் குடிப்பாங்களா?"

"கொழம்ப எதுக்குக்கா குடிக்கணும்? சோத்துல ஊத்திச் சாப்பிடுவாங்க."

"அதான் நானும் யோசிக்கறேன்" என்றார் பெர்னதெத்.

மெரின் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அன்று விடுப்பு. முகம் வீங்கி, தலை வாராமல், வந்தவர்களுக்குக் காப்பி போடப் போனவளைப் பின்தொடர்ந்து பெர்னதெத்தும் சமையலறைக்குள் போனார். சர்க்கரை ஜாடி தண்ணீர்த் தட்டின் நடுவில் நின்றது. மூலைகளில் தண்ணி பாட்டில் மூடிகள், அவற்றில் ஏதோ வெள்ளையாக, பாகு மாதிரி. சுவரோரம் பழைய சாக்பீஸ் கோடுகள். எறும்பு ஒன்றுகூட இல்லை.

"சுத்தமா வச்சிருக்கியேம்மா" என்றார் பெர்னதெத்.

அந்த ஒரு நல்ல வார்த்தைக்கே மெரினின் கண் கலங்கியது. "போன வாரம் பாத்திருந்தா ஓடியிருப்பீங்க மதாம். சாக்பீஸ் போட்டேன், மஞ்சத்தூள் தூவினேன், வினிகர் தொட்டுத் தொடச்சேன். இங்க அழிச்சா அங்க வருது. ஆபீஸ்ல ஒருத்தங்கதான் சொன்னாங்க, வெளிய ஓடறதக் கொன்னு பிரயோஜனமில்ல, கூட்டுக்குள்ள இருக்கற ராணி சாகணும், அதுங்களே எடுத்துக்கிட்டுப் போற மாதிரி மருந்து வைன்னு. ஞாயித்துக்கிழம வச்சேன். போயே போச்சு."

"போன எறும்ப விடு" என்று உள்ளே வந்தான் கிளாட்வின். கையில் ஒரு காகிதப் பொட்டலம். "இதப் பாருங்க மதாம். அவ பையில இருந்துச்சு. சாயங்காலம் போலீசுக்குக் குடுக்கப் போறேன்."

பொட்டலத்தில் வெள்ளைப் பொடி. பிரிஸ்கில்லா இரண்டடி பின்னால் போனாள். அப்படியானால் உண்மைதானா? அந்தக் கையா அம்மாவுக்குக் கஞ்சி புகட்டியது?

"வீட்டுல புண்ணுக்குப் போடற டிஞ்சர் இருக்கா?" என்று கேட்டார் பெர்னதெத்.

மெரின் கொண்டுவந்தாள். ஒரு தட்டில் சிட்டிகைப் பொடியைப் போட்டு, பழுப்பு நிறத் துளி ஒன்றை அதன்மேல் விட்டார். பொடி கறுநீலமாக மாறியது.

"அக்கா! விஷம்!" என்று கத்தினாள் பிரிஸ்கில்லா.

"அரிசி மாவு" என்றார் பெர்னதெத். "டிஞ்சர் பட்டா மாவுதான் இப்பிடிக் கறுக்கும்."

"பையில எதுக்கு மாவு எடுத்துக்கிட்டுத் திரியணும்?" என்றான் கிளாட்வின், விடாமல்.

பதில் பின்வாசல் மதில் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. ராஜாம்பாளின் தலை சுவருக்கு மேல் தெரிந்தது. எவ்வளவு நேரமாக அங்கே இருந்ததோ. "புள்ளையார் எறும்புக்குத் தூவுவா! தெனம் பின்வாசப்படியில போட்டுட்டுத்தான் உள்ள போவா. வெளியவே வயிறு ரொம்பிட்டா உள்ள இன்னாத்துக்கு வரப்போவுதும்பா."

"நான் கொல்லப் பாக்கறேன், அவ சோறு போடறா" என்றாள் மெரின். சொல்லிவிட்டு, இந்த நேரத்தில் இதைச் சொன்னோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பெர்னதெத் சுவரோரம் போனார். "ராஜாம்பாள் அம்மா, ரஞ்சிதம் போன்ல பேசினத நீங்கதான் கேட்டீங்களாமே."

"நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கலம்மா. துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். காது இருக்குது, விழுது. அவ கூடப்பொறந்த அக்காகிட்ட பேசிக்கிட்டிருந்தா. மருந்து வச்சிட்டேன், இனிப்பா இருக்குன்னு சப்புக் கொட்டிக் குடிச்சிட்டாரு, இனிமே தொல்ல இருக்காதுன்னா. அப்ப ஒண்ணும் தோணல. அப்பால பெரியவரத் தூக்கிக்கிட்டுப் போனப்பதான் பகீர்னுச்சு."

"இனிப்பான்னு சொன்னாளா?"

"ஆமா. ஏன், அது முக்கியமா?"

"அதுக்கு முன்னாடி அவ எதுக்காவது புலம்பிக்கிட்டு இருந்தாளா?"

"ரெண்டு மூணு நாளா பெரியவருக்கு வயிறு போகலயாம். அதே பொலம்பல்தான்."

பெர்னதெத் கிளாட்வினிடம் பெரியவரின் அறைச் சாவியைக் கேட்டார். போலீஸ் வந்து பார்க்கட்டும் என்று அன்றே பூட்டியிருந்தான். கதவு திறந்ததும் அடைபட்ட வாடை முகத்தில் அடித்தது. கலைந்த கட்டில், சுவரில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம், அதன் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டாளத்து மெடல்கள். ஜன்னல் சட்டத்து விரிசலிலிருந்து செவ்வெறும்பு வரிசை ஒன்று சுவரில் இறங்கி, கட்டிலுக்கு அடியில் கிடந்த பிஸ்கட் தூளுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுறுசுறுப்பாக, ஒன்றின் பின் ஒன்றாக.

ஜன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அடியில் வெள்ளையாகக் காய்ந்த படிவு. டம்ளரைச் சுற்றியும் உள்ளேயும் எறும்புகள் சுருண்டு செத்துக் கிடந்தன.

"யாரும் தொடாதீங்க" என்றார் பெர்னதெத். முதல் தடவையாக அவர் குரல் மாறியது. "பிரிஸ்கி, இந்த ரூம்ல மூலமுடுக்கு விடாம பாரு. சமையல்கட்டுல இருந்த மாதிரி பாட்டில் மூடி எங்கயாவது இருக்கான்னு."

பிரிஸ்கில்லா கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தாள், அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். முழங்கையில் இரண்டு கடியோடு வெளியே வந்தாள். "ஒண்ணுகூட இல்லக்கா."

"அது எப்பிடி?" என்றாள் மெரின். "மாமா ரூம்லயும் வச்சாச்சே. ரஞ்சிதத்துக்கிட்ட சொன்னேன், உடனே சரின்னுட்டா. ஆபீஸ் போனதும் போன் போட்டுக் கேட்டப்பகூட வச்சிட்டேன்னாளே."

பெர்னதெத் மெல்ல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பிரிஸ்கி, உன் போன்ல ரஞ்சிதம் நம்பர் இருக்கும். போடு. எல்லாரும் கேக்கற மாதிரி வை."

இருந்தது. 'ரஞ்சி' என்று, பக்கத்தில் பூப் படத்தோடு. அவ்வளவாகத் தெரியாதவளின் எண். கிளாட்வின் பார்த்துவிடாமல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டே அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தாள் ரஞ்சிதம்.

"அக்கா! ஐயா எப்பிடிக்கா இருக்காரு? ஆசுபத்திரி வாசல்லயே ஒக்காந்திருக்கேன். உள்ள உட மாட்றாங்க. கண்ணு முழிச்சாராமா?"

"ரஞ்சிதம், நான் பெர்னதெத். திங்கக்கிழம காலையில மெரின் உன்கிட்ட சொன்னத, அவங்க வாயால சொன்ன மாதிரியே சொல்லு. உன் வார்த்த ஒண்ணும் கலக்காத."

"வண்டிய எடுத்துக்கிட்டே சொன்னாங்கம்மா. 'மேச மேல பொட்டலத்துல மருந்து இருக்கு, மாமா ரூமுக்கு, தண்ணி விட்டுக் கலக்கி வச்சிடு'ன்னாங்க. ஐயாவுக்கு வயித்துக்குப் பொடி வாங்கியாங்கன்னு நான்தான் கேட்டிருந்தேன். மறக்காம வாங்கியாந்துட்டாங்களேன்னு சந்தோசப்பட்டு, சுடுதண்ணியில கலக்கிக் குடுத்தேன். கசக்கும்னு பாத்தா, இனிக்குது இன்னும் இருந்தா குடுன்னாரு. பொட்டலம் பூரா அவருக்குத்தானேன்னு..."

மெரின் சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் சரிந்தாள். "ஐயோ, ஏசுவே. அது எறும்புக்கு. எறும்புக்குச் சொன்னேன்."

"பொட்டலத்துல என்ன இருந்துச்சும்மா?" பெர்னதெத் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அழாம சொல்லு. சீக்கிரம்."

"வெங்காரம், போராக்ஸ்ம்பாங்களே அது. நாட்டு மருந்துக் கடையில வாங்கினது. சக்கரையும் வெங்காரமும் பொடிச்சுக் கலந்து..."

"கிளாட்வின், இப்பவே டாக்டருக்குப் போன் போடுங்க. வெங்காரம், சக்கரையில கலந்தது, ஒரு பொட்டலம், திங்கக்கிழம காலையிலன்னு சொல்லுங்க. டம்ளர அப்படியே கவர்ல கட்டிக் கொண்டுபோகலாம்."

கிளாட்வினின் விரல்களுக்கு எண்கள் பிடிபடவில்லை. பிரிஸ்கில்லா போனை வாங்கி அழுத்திக் கொடுத்தாள்.

கதிர்காமத்தில் டம்ளரை வாங்கிக்கொண்டு டாக்டர் உள்ளே போய்விட்டார். வராந்தாவில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பெர்னதெத் வாசலுக்குப் போய்க் காவலாளியிடம் பேசி ரஞ்சிதத்தையும் கூட்டிவந்திருந்தார். அவள் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, தூணோரம் எல்லோரையும் விட்டுத் தள்ளி நின்றாள். பிரிஸ்கில்லாவைப் பார்த்துச் சிரித்தாள். பிரிஸ்கில்லா செருப்பைப் பார்த்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நர்ஸ்கள் வேகமாக நடப்பது தெரிந்தது. கிளாட்வினால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"எப்பிடி மதாம் கண்டுபுடிச்சீங்க? ஏதாவது பேசுங்களேன். சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும் போலிருக்கு."

பெர்னதெத் ஜெபமாலையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"உங்க புகார்லயே ரெண்டு சொல் ஒண்ணுக்கொண்ணு சண்ட போட்டுச்சு தம்பி. ரஞ்சிதம் 'குடிச்சிட்டாரு'ன்னா. நீங்க கொழம்பத் தூக்கிக்கிட்டு அலைஞ்சீங்க. மருந்து வைக்கறதுன்னா சோத்துலயும் கொழம்புலயும்தான் வைப்பாங்கன்னு நமக்கெல்லாம் ஒரு நெனப்பு. குடிச்சதுன்னா டம்ளர் எங்கன்னு யாருமே தேடல."

"சரி."

"அடுத்தது, 'வச்சிட்டேன்.' நோயாளிக்கு நாம மருந்து குடுப்போம். எலிக்கு, எறும்புக்குத்தான் மருந்து வைப்போம். ரஞ்சிதம் உங்ககிட்ட 'குடுத்தேன்'னு சொன்னா. கூடப்பொறந்த அக்காகிட்ட 'வச்சிட்டேன்'னா. அது அவ வார்த்த இல்ல, யாரோ அவகிட்ட சொன்ன வார்த்த அவ வாயில ஒட்டிக்கிட்டிருக்கு. மெரின் வீட்டுக்குள்ள அதே மாதிரி 'மருந்து வைன்னு சொன்னாங்க'ன்னப்ப, அந்தக் குரல் யாருதுன்னு புரிஞ்சிது. அதான், 'நான் குடுக்கச் சொல்லல'ன்னு மெரின் சத்தியம் பண்ணினதும் நெசம். 'அக்கா சொன்னதத்தான் குடுத்தேன்'னு ரஞ்சிதம் சொன்னதும் நெசம். ரெண்டு பேரும் உண்மையச் சொல்லிக்கிட்டே ஒருத்தர ஒருத்தர் பொய்க்காரியாக்கிட்டாங்க."

"ஆனா அது சொல்லுதானேக்கா" என்றாள் பிரிஸ்கில்லா. "சாட்சி வேணாமா?"

"எறும்புதான் சாட்சி. சமையல்கட்டுல மருந்து வச்சாங்க, எறும்பு இல்ல. பெரியவர் ரூம்லயும் வச்சாச்சுங்கறாங்க, எறும்பு ஊர்கோலம் போவுது. வச்ச மூடியும் இல்ல. அப்ப அந்த மருந்து எங்க? டம்ளரச் சுத்திச் செத்துக் கெடக்குதுங்களே, அதுங்க சொல்லிச்சு. எறும்பு குடிக்க வேண்டியத மனுஷன் குடிச்சாரு, அவர் வச்ச மிச்சத்த அதுங்க குடிச்சுது."

சற்று நிறுத்தினார். "இன்னொண்ணு. ராஜாம்பாள் சொன்னாங்களே, பின்வாசப்படியில தெனம் மாவு தூவுறவன்னு. எறும்பக் கொல்ல மருந்து வைன்னு சொன்னா அவ உடனே சரிம்பாளா? ஒரு சண்டயாவது போட்டிருப்பா. உடனே சரின்னுட்டான்னு மெரின் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு, அவ காதுல எறும்பே விழலன்னு."

ரஞ்சிதம் தூணிலிருந்து நகர்ந்து வந்தாள். "நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்மா. பொட்டலத்தப் பிரிச்சப்பவே இது இன்னாப் பொடின்னு கேட்டிருக்கணும். அக்காவ மட்டும் சொல்லாதீங்க."

மெரின் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கிளாட்வின் இருவரையும் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் கதவு திறந்தது.

டாக்டர் இளம் பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. "என்னன்னு தெரிஞ்சது ரொம்ப நல்லதாப் போச்சு. கிட்னிய இன்னும் கவனமாப் பாத்துக்கணும், ரெண்டு மூணு நாள் போகணும். ஆனா மனுஷன் தேறிடுவாரு. கண்ணு முழிச்சதும் ஏதோ கேட்டாரு, எங்களுக்குப் புரியல. பிரெஞ்சு மாதிரி இருந்துச்சு."

பெர்னதெத் உள்ளே போய், கட்டிலருகே குனிந்து கேட்டுவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பு.

"அந்த இனிப்பு மருந்து இன்னும் இருக்கான்னு கேக்கறாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்தார்கள். கிளாட்வின் சட்டைப்பையிலிருந்து புகார்க் காகிதத்தை எடுத்துச் சுருட்டினான். ரஞ்சிதத்தின் முன்னால் வந்து கைகூப்பினான். "போடின்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடும்மா."

"ஐயாவ யாரு பாத்துக்கறது இப்ப? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள் அவள்.

கிளம்பும்போது பெர்னதெத் மெரினைத் தனியே அழைத்தார். "ஜன்னல் சட்டத்து விரிசல சிமெண்டு வச்சு அடை. பிஸ்கட் தூள அன்னன்னைக்கே கூட்டு. எறும்பு போன தடத்த சோப்புத் தண்ணியில தொட. வெங்காரம் வைக்கறதா இருந்தா உன் கையாலயே வை, டப்பா மேல பேர எழுதி ஒசரத்துல வை. மருந்துன்னு மட்டும் வாயால சொல்லாத, வெங்காரம்னே சொல்லு." பிறகு அவள் தலையில் கை வைத்தார். "உன் மேல தப்பில்லன்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா ஆண்டவர் பெரிய ஆபத்த சின்னதாக்கிட்டாரு. அத நெனச்சுக்கோ."

வீடு திரும்பும் வழியெல்லாம் பிரிஸ்கில்லா ஸ்கூட்டரை மிக மெதுவாக ஓட்டினாள். அக்கா ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் பஸ் பிடித்துத் தனியாகக் கதிர்காமம் போனாள். எங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. தூக்கில் கஞ்சி இருந்தது. மனசுக்குள் சொல்ல வேண்டியதை அடுக்கி வைத்திருந்தாள்.

வார்டில் வெயில் நேரத்து மயக்கம். தனிஸ்லாஸ் சுவர்ப்பக்கம் திரும்பி அயர்ந்து தூங்கினார். கட்டிலுக்கு அடியில், வெறும் தரையில், ரஞ்சிதம் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ மணி நேரம் விழித்துக் கிடந்த உடம்பு வாயைத் திறந்துகொண்டு தூங்கும் தூக்கம். அவள் கையருகே ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அதில் பெரியவரின் வேட்டிகளும் விரிப்பும், அசுத்தமாகி, நாற்றத்தோடு. எழுந்ததும் அவள் செய்ய வேண்டிய வேலை.

பிரிஸ்கில்லா கொஞ்ச நேரம் நின்றாள். எழுப்பிச் சொல்லலாம். மன்னிச்சிடு என்றால் ரஞ்சிதம், எதுக்குக்கா என்பாள். உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன் என்று விளக்கப் போனால், அவளுக்குத் தெரியாமல் விழுந்த அடியை அவளுக்குக் காட்டிக் கொடுத்ததாகும்.

தூக்கை மேசைமேல் வைத்தாள். பக்கெட்டைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு வராந்தாவின் கோடியில் இருந்த குழாயடிக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் வேட்டியை அலசினாள். சோப்புப் போட்டுத் துவைத்து, மறுபடி அலசி, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை விடவில்லை. அம்மாவின் துணிகளை ஒருநாள்கூட அவள் துவைத்ததில்லை. அந்த நினைப்பு நடுவில் வந்தது. கையை நிறுத்தாமல் அதையும் வரவிட்டாள்.

பிழிந்து, பின்பக்கத்துக் கம்பியில் வெயில் படும்படி விரித்துப் போட்டாள். பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். ரஞ்சிதம் புரண்டு படுத்தாள், விழிக்கவில்லை.

எழுந்ததும் ரஞ்சிதம், வார்டைப் பெருக்கும் அம்மாதான் துவைத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். அவளிடம் போய் நன்றியும் சொல்வாள். சொல்லட்டும்.

பிரிஸ்கில்லா ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.